பொன்னுத்தாய் வீட்டு மாடியில் அதிராத பெட்டி

மதுரையிலிருந்து தெற்கே போகிற பஸ்ஸில் ஏறினால் வேலாங்கரை என்று ஓர் ஊர் வரும். புத்தியுள்ளவர்கள் அங்கே பஸ் மாறுவதற்கு மட்டும் இறங்குவார்கள். அடுத்த பஸ் தாமதமானால் அவர்களுக்கும் ஊர்ப் புத்தி கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும் என்று பேச்சு. நான் அங்கே பதினெட்டு வருஷமாகக் குடியிருக்கிறேன். அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் பார்த்து நம்புங்கள்.

அந்த ஊரில் ‘நல்லிசைச் சபை’ என்று ஒன்று உண்டு. மொத்தம் நான்கு பேர். தலைவர் ஏகாம்பரம், ஓய்வு பெற்ற சர்வேயர். துணைத் தலைவர் வைத்தியலிங்கம், ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். செயலாளர் பிச்சாண்டி, தட்டச்சுப் பள்ளி நடத்தியவர். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லித் தட்ட வைத்த பழக்கத்தில், எதை வாசித்தாலும் கமா, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் வாய்விட்டு வாசிப்பார். நான்காமவர் செல்லையா. அவருக்குக் கொடுக்கப் பதவி மிச்சமில்லாததால் அவர் மட்டும் உறுப்பினர். ‘உறுப்பினர்கள் என்ன நினைக்கிறார்கள்?’ என்று தலைவர் கேட்கும்போதெல்லாம் எல்லோரும் செல்லையாவைத்தான் பார்ப்பார்கள்.

சபையின் சொத்து ஒரு ரிக்கார்டு பிளேயரும், மார்பு உயரத்துக்கு இரண்டு தேக்குப் பெட்டி ஸ்பீக்கர்களும். இருப்பிடம், பொன்னுத்தாய் வீட்டு மாடி. பழைய காலத்துப் பலகைத் தளம். கீழே பொன்னுத்தாயின் அப்பளக் கம்பெனி.

சபைக்கு ஒரு விதி உண்டு. தாளத்தைத் தொடையில் தட்டக் கூடாது. தொடையில் தட்டினால் சத்தம் காதுக்குப் போய் இசையில் கலந்துவிடும். குதிகாலால்தான் தட்ட வேண்டும். காதுக்கும் குதிகாலுக்கும் ஐந்தடிக்கு மேல் தூரம். அவ்வளவு தூரம் ஏறி வருவதற்குள் சத்தம் களைத்துப்போகும். இது ஏகாம்பரம் நான்கு பேரையும் சுவரோரம் நிற்க வைத்து டேப் பிடித்து அளந்து சொன்ன முடிவு. ஆகவே பாட்டு நடக்கும்போது தாளத்துக்குத் தாளம் எட்டுக் குதிகாலும் ஒன்றாகப் பலகையில் விழும். நானும் சேர ஆசைப்பட்டுப் போனேன். என்னையும் அளந்தார்கள். நாலே முக்கால் அடிதான் வந்தது, சத்தம் களைக்காது என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை பொன்னுத்தாய் ஒரு முறத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தாள்.

“தலைவரே, இது என்ன?”

ஏகாம்பரம் குனிந்து பார்த்தார். “அப்பளம்.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

நான்கு பேரும் பார்த்தார்கள். செல்லையா ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார். “உளுந்து அப்பளம்” என்றார்.

“அது எனக்குத் தெரியும்யா! காலைல முழுசு முழுசா அடுக்கி வெச்சிருந்தேன். நீங்க பாட்டப் போட்டதும் வீடே ஆடுது. அடுக்கு அடுக்காச் சரிஞ்சு இப்பிடிக் கெடக்கு. வர்ற வெள்ளிக்கிழம ஒரு கல்யாணத்துக்கு அய்யாயிரம் அப்பளம் போகணும். அன்னைக்கு ஒண்ணு, ஒரே ஒண்ணு உங்களால உடைஞ்சாலும் சாயங்காலமே மாடியக் காலி பண்ணிரணும். சொல்லிட்டேன்.”

அவள் இறங்கிப் போனதும் ஏகாம்பரம் ஸ்பீக்கர் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். அவர் நிலைமை அப்படி. இதற்கு முன்னால் மூன்று வீட்டில் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது. ஐந்தாவதாக வாடகைக்கு விட வேலாங்கரையில் யாரும் இல்லை. சொந்த வீட்டில் வைக்கலாம் என்றால், ‘அந்தப் பெட்டி உள்ளே வந்தால் நான் வெளியே’ என்று அவர் மனைவி சொல்லிவிட்டார். ஏகாம்பரம் யோசித்துச் சொல்ல இரண்டு நாள் அவகாசம் கேட்டார். அதற்காக அந்த அம்மாள் ஒரு மாதம் பேசவில்லை. மாடி போனால் பெட்டி போச்சு, பெட்டி போனால் அவருக்கு வாழ்க்கையில் வேறொன்றும் இல்லை.

“அழாதீங்க தலைவரே. அதிர்வுக்குன்னே மெட்ராஸ்ல ஒரு கடையில ரப்பர் பேட் விக்கிறான். பொட்டிக்கு அடியில வெச்சாப் போதும், அதிர்வு தரையில எறங்காதாம்” என்றார் பிச்சாண்டி.

போன் போட்டுச் சொன்னார்கள். திங்கட்கிழமை பார்சல் வந்தது. கருப்பு ரப்பரில் பன்னிரண்டு வட்டங்கள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், இட்லி கனம். பிளேயருக்கு நான்கு, ஸ்பீக்கருக்கு நான்கு நான்கு. கூடவே தமிழில் அச்சடித்த ஒரு காகிதம். அதைப் பிச்சாண்டி எழுந்து நின்று வாசித்தார்.

“வாழ்த்துகள் ஆச்சரியக்குறி. ஒன்று முற்றுப்புள்ளி. புதிய பேட்கள் உங்கள் இசைக்குப் பழக நாற்பது மணி நேரம் ஆகும் கமா அதுவரை பொறுமை காக்கவும் முற்றுப்புள்ளி.”

பன்னிரண்டு பேட்களையும் முன்வரிசை பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

“என்ன ரிக்கார்டு போடலாம்? ஒரு நல்ல வர்ணம்?” என்றார் வைத்தியலிங்கம்.

“எடுத்த எடுப்புலயே வர்ணமா?” என்றார் செல்லையா. “நேத்து வரைக்கும் அட்டைப்பெட்டிக்குள்ள கெடந்ததுய்யா. பாவம், மெரண்டுரும். சரளி வரிசையிலருந்துதான் ஆரம்பிக்கணும்.”

இதில் நியாயம் இருப்பதாகத் தலைவருக்குப் பட்டது. சரளி வரிசைக்கு ரிக்கார்டு கிடையாது. ஆகவே நான்கு பேரும் முறை போட்டுக்கொண்டு, பேட்களுக்கு எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஸரிகம பாடினார்கள். கீழே அப்பளம் இடுகிற பெண்கள் முதல் நாள் சிரித்தார்கள், இரண்டாம் நாள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள். புதன்கிழமை ஜண்டை வரிசை நடக்கும்போது, இடமிருந்து மூன்றாவது பேட் கவனமில்லாமல் இருப்பதாக வைத்தியலிங்கம் புகார் சொன்னார். அதை மட்டும் எடுத்துச் சுவரைப் பார்த்துத் தனியாக வைத்தார்கள். வியாழன் மத்தியானம் நாற்பது மணி நேரம் முடிந்தது. மூன்றாவது பேட்டை மன்னித்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

பிளேயருக்கும் ஸ்பீக்கருக்கும் அடியில் பேட்களை வைத்துவிட்டு, பிச்சாண்டி காகிதத்தை விரித்தார்.

“இரண்டு முற்றுப்புள்ளி. ஸ்பீக்கரின் மேல் ஒரு டம்ளர் நீர் வைத்துப் பாட்டைப் போடவும் முற்றுப்புள்ளி. நீரில் அலை எழுந்தால் அதிர்வு இருக்கிறது என்று பொருள் முற்றுப்புள்ளி.”

டம்ளரை வைத்தார்கள். பாட்டு ஆரம்பித்தது. பாட்டு என்றால் தாளம் இல்லாமலா? எட்டுக் குதிகாலும் பலகையில் விழுந்தன. டம்ளர் நீரில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. கீழே ஓர் அடுக்கு சரிந்தது.

“பேட் வெச்சும் ஆடுதேய்யா!” என்றார் ஏகாம்பரம்.

பாட்டை நிறுத்திவிட்டு யோசித்தார்கள். யோசிக்கிற போது வைத்தியலிங்கத்துக்குத் தாகம் எடுத்தது. எதிரில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டு டம்ளரை அதே இடத்தில் வைத்தார். மறுபடி பாட்டைப் போட்டுத் தாளம் தட்டினார்கள். செல்லையா டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

“அலை இல்ல!” என்று கத்தினார். “அதிர்வு நின்னு போச்சு!”

எல்லோரும் கை கொடுத்துக்கொண்டார்கள். ஆனால் சர்வேயர் மூளை அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ளாது.

“இருங்க. இப்பத்தான் தண்ணியில அதிர்வு இருந்துச்சு. நம்ம கண்ணால பாத்தோம். அந்தத் தண்ணி இப்ப எங்க?”

எல்லோரும் வைத்தியலிங்கத்தைப் பார்த்தார்கள். வைத்தியலிங்கம் தன் வயிற்றைப் பார்த்தார்.

“எனக்குத் தெரியாமப் போச்சே தலைவரே” என்றார். அவருக்குக் கை கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது.

“பாருங்க, நடுங்குறான்” என்றார் செல்லையா. “அவ்வளவும் உள்ள போயிருச்சு. தரையில கால் வைக்க விடாதீங்க!”

மூவருமாகச் சேர்ந்து வைத்தியலிங்கத்தைத் தூக்கி மூலையிலிருந்த மேஜை மேல் உட்கார வைத்தார்கள். காலை மடக்கி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்புறம் மூன்று பேர் மட்டும் தாளம் தட்டப் பாட்டு நடந்தது. கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து பொன்னுத்தாயின் குரல் வந்தது. “இப்பக் கொஞ்சம் பரவால்ல தலைவரே. ஆட்டம் கொறஞ்சிருக்கு!”

மூவரும் மேஜையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“அப்ப இத்தன நாளும் இவன்தானா?” என்றார் பிச்சாண்டி.

வைத்தியலிங்கத்தின் கண் கலங்கிவிட்டது. “முப்பது வருஷமா இந்த ஊர்த் தண்ணியத்தான் குடிக்கிறேன்” என்றார். நாளைக்கு முழு வேலை முடிகிறவரை அவர் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சபை தீர்மானம் போட்டது. மோர் குடிக்கலாமா என்று அவர் கேட்டார். காகிதத்தில் மோரைப் பற்றி ஒன்றும் இல்லை என்பதால் அனுமதித்தார்கள்.

“மூன்று முற்றுப்புள்ளி. பேட்கள் தரும் மாற்றத்தை உங்கள் காதால் உணரவும் முற்றுப்புள்ளி” என்று வாசித்தார் பிச்சாண்டி. பழைய கச்சேரி ரிக்கார்டு ஒன்றை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு உணர்ந்தார்கள்.

“அடேயப்பா” என்றார் ஏகாம்பரம். “முன்னாடி மிருதங்கம் மட்டுந்தான் கேட்டுச்சு. இப்ப மிருதங்கக்காரர் மோதிரம் கேக்குது.”

“வித்வான் சாப்பிட்டுட்டு வந்து பாடுறாரு. அதுவே தெரியுது” என்றார் செல்லையா. “பூண்டு ரசம்.”

“மொளகு ரசம்” என்றார் மேஜை மேலிருந்து வைத்தியலிங்கம்.

“பூண்டு.”

“நல்லாக் கேளுய்யா, அந்தக் காந்தாரத்துல ஒரு காரம் இருக்கு பாரு. மொளகுதான்.”

இந்தச் சர்ச்சை சாயங்காலம் வரைக்கும் நடந்தது. கடைசியில், மிளகு ரசத்தில் கொஞ்சம் பூண்டு தட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். இதற்கு முன்னால் அதே ரிக்கார்டை அவர்கள் இருநூறு தடவையாவது கேட்டிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. கீழே ஐயாயிரம் அப்பளமும் ஆள் உயர அடுக்குகளாக நின்றன. அது போக ஓர் அடுக்கு, சேதத்துக்கென்று தனியாக. நாலு மணிக்கு வேன் வரும். மாடியில் பிச்சாண்டி காகிதத்தின் அடுத்த வரிக்கு வந்தார்.

“நான்கு முற்றுப்புள்ளி. கருவிக்கும் தரைக்கும் சுவருக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது முற்றுப்புள்ளி.”

ஏகாம்பரம் தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தார். பிளேயர் பேட் மேல் இருக்கிறது, சரி. ஸ்பீக்கர்கள் பேட் மேல் இருக்கின்றன, சரி. சுவரைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“ஒயரு!”

பிளேயரிலிருந்து கிளம்பிய ஒயர் நேரே போய்ச் சுவரிலிருந்த பிளக் பாயிண்ட்டில் செருகியிருந்தது. இத்தனை நாளும் அதிர்வு அத்தனையும் அது வழியாகத்தான் சுவருக்குள் இறங்கி, சுவரிலிருந்து தரைக்குப் போய், தரையிலிருந்து அப்பளத்துக்குப் போயிருக்கிறது. இதைக் கண்டுபிடித்ததற்காகத் தலைவருக்குச் செல்லையா தன் துண்டைப் போர்த்தினார். ஏகாம்பரம் தன் கையாலேயே பிளக்கைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

ஊசியை ரிக்கார்டில் வைத்தார்கள். நால்வரும் கண்ணை மூடினார்கள்.

“ஆகா” என்றார் பிச்சாண்டி. “என்ன சுத்தம்! ஒரு கரகரப்பு உண்டா?”

“சுருதி எங்கயாச்சும் வெலகுதா பாத்தீங்களா?” என்றார் வைத்தியலிங்கம். நேற்றிலிருந்து தண்ணீர் குடிக்காததால் அவரை மேஜையிலிருந்து இறக்கியிருந்தார்கள்.

“இது என்ன ராகம் தலைவரே?” என்று கேட்டார் செல்லையா.

ஏகாம்பரம் வெகு நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார். “சொல்ல முடியாதுப்பா. எந்த ராகமா வேணா இருக்கலாம். அதான் இதோட விசேஷம். ஆனா தாளம் ஆதி தாளம்.”

இருபது நிமிஷம் அந்த மௌனத்தில் திளைத்தார்கள். திளைக்கத் திளைக்கத் தாளமும் ஏறியது. அவர்கள் இதுவரை கேட்டதிலேயே மிகச் சிறந்த கச்சேரி அது. உச்சக்கட்டம் வந்ததும், எட்டுக் குதிகாலும் ஓங்கி ஒரே அடியாகப் பலகையில் இறங்கின.

கீழே சடசடவென்று ஒரு சத்தம்.

பொன்னுத்தாய் படியேறி வந்து வாசலில் நின்றாள். சுழலாத ரிக்கார்டைப் பார்த்தாள். தலைவர் மடியில் பிளக்கைப் பார்த்தாள். கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்த நால்வரையும் பார்த்தாள். கடைசியாகக் கீழே, அவர்கள் குதிகால்களைப் பார்த்தாள். அவை இன்னும் நிற்கவில்லை.

“பொட்டி சும்மாதான்யா இருக்கு” என்றாள். “ஆடுறது நீங்க நாலு பேரும்.”

நால்வரும் கண்ணைத் திறந்தார்கள். அவள் சொன்னது அவர்களுக்கு விளங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அவள் கையிலிருந்த முறம் விளங்கியது. முறம் நிறையத் துண்டு.

ஏகாம்பரம் அழுதே விட்டார். “அக்கா, காலி பண்ணச் சொல்லிராதீங்கக்கா. இந்தப் பொட்டிக்கு இந்த ஒலகத்துல வேற எடமில்ல. எனக்கும் இல்ல.”

அவர் குலுங்கிக் குலுங்கி அழுததில் கீழே இன்னும் இரண்டு அப்பளம் விழுகிற சத்தம் கேட்டது.

“மொதல்ல அழுகைய நிறுத்துங்க!” என்றாள் பொன்னுத்தாய். அந்த அழுகை அவளையும் என்னவோ செய்திருக்க வேண்டும், குரல் இறங்கிவிட்டது. “தனியா வெச்ச அடுக்குதான் போச்சு. கல்யாணத்து அப்பளம் தப்பிச்சுருச்சு. இந்த ஒரு தடவ விடுறேன். எல்லாரும் கால நீட்டுங்க.”

இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் அடியிலிருந்து எட்டு பேட்களையும் உருவினாள். அப்பளக் கட்டுக் கட்டுகிற சணலை இடுப்பிலிருந்து எடுத்து, காலுக்கு ஒன்றாக எட்டுக் குதிகாலிலும் வைத்து இறுக்கிக் கட்டினாள். பிளக்கைத் தலைவர் மடியிலிருந்து பிடுங்கிச் சுவரில் செருகினாள்.

“இப்பப் பாடச் சொல்லுங்க. எவ்வளவு வேணா மிதிங்க. ஆனா ஒண்ணு, என்னயக் கேக்காம இந்தக் கட்ட எவனாவது அவுத்தீங்க, அன்னைக்கே காலி.”

பெட்டி பாடியது. எட்டுக் குதிகாலும் பொத் பொத்தென்று மெத்தையில் விழுவது போல விழுந்தன. கீழே ஓர் அப்பளம் அசையவில்லை. நாலு மணிக்கு வேன் வந்து, ஐயாயிரமும் முழுசாகக் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மாடி பிழைத்தது. கதையை இங்கே முடித்துவிடலாம், வேறு ஊராக இருந்தால்.

வேன் கிளம்பிப் போன பிறகு செல்லையா ஸ்பீக்கரைச் சுற்றி வந்தார்.

“தலைவரே, இது வெறுந்தரையில நிக்குது.”

பிச்சாண்டி அவசரமாகக் காகிதத்தைப் புரட்டினார். கடைசி வரி ஒன்று பாக்கி இருந்தது. “ஐந்து முற்றுப்புள்ளி. ஒவ்வொரு ஸ்பீக்கரின் எடையும் நான்கு பேட்களின் மேல் சமமாக இறங்க வேண்டும் முற்றுப்புள்ளி. ஒருமுறை பேட் மேல் ஏற்றிய ஸ்பீக்கரை மறுபடி தரையில் வைக்கக் கூடாது முற்றுப்புள்ளி.”

பேட் காலில் இருக்கிறது. அக்கா உத்தரவு, அவிழ்க்கக் கூடாது. காகிதத்தின் உத்தரவு, ஸ்பீக்கர் பேட் மேல்தான் இருக்க வேண்டும். ஏகாம்பரம் தலையில் கை வைத்துக்கொண்டார். “உறுப்பினர்கள் என்ன நினைக்கிறார்கள்?”

உறுப்பினர் விரல் விட்டு எண்ணினார். “ஒரு ஆளுக்கு ரெண்டு பேட். ரெண்டு ஆளுக்கு நாலு. ரெண்டு ஆளு ஒரு ஸ்பீக்கரத் தூக்கிக்கிட்டு நின்னா, அதோட எட நாலு பேட்லயும் சமமாத்தான எறங்கும்?”

வேலாங்கரையில் இதுவரை யாரும் இப்படி ஒரு பிசகில்லாத கணக்குப் போட்டதில்லை. ஊசியை ரிக்கார்டில் வைத்துவிட்டு ஓடி வந்து, ஏகாம்பரமும் வைத்தியலிங்கமும் வலது ஸ்பீக்கரைத் தூக்கினார்கள். பிச்சாண்டியும் செல்லையாவும் இடது ஸ்பீக்கரைத் தூக்கினார்கள். இருபது நிமிஷத்தில் ரிக்கார்டு ஒரு பக்கம் முடிந்தது. ஊசி கடைசி வட்டத்தில் போய் நின்று டிக், டிக், டிக் என்று சுற்றியது. அதை எடுக்க வேண்டுமானால் ஒருவர் கையை எடுக்க வேண்டும். கையை எடுத்தால் ஸ்பீக்கர் தரையைத் தொடும்.

“தனி ஆவர்த்தனம் போல. முடியட்டும்” என்றார் தலைவர்.

இது நடந்து ஐந்து நாளாகிறது. நான் நேற்றுப் போய்ப் பார்த்தேன். நான்கு பேரும் நிற்கிறார்கள், தனி ஆவர்த்தனம் நடக்கிறது, காலப்பிரமாணம் இம்மி பிசகவில்லை என்று செல்லையா சொன்னார். மற்ற விவரங்களை நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள். பொன்னுத்தாய் தினம் மத்தியானம் ரசம் சாதம் பிசைந்து எடுத்துப்போய் நால்வருக்கும் ஊட்டிவிட்டு வருகிறாள். மிளகு ரசம், கொஞ்சம் பூண்டு தட்டிப் போட்டது. தொட்டுக்கொள்ள ஆளுக்கோர் அப்பளம். முழு அப்பளம் விற்கிறதுக்கு, வீட்டுக்கு உடைந்ததுதான் என்பது கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து அவள் சட்டம். ஆனால் இப்போதெல்லாம் கீழே ஒன்றுகூட உடைவதில்லை. அதனால் அடுக்கிலிருந்து நான்கு அப்பளத்தை எடுத்து, நேற்று என் கண் முன்னால், அவளே தன் கையால் படக்கென்று உடைத்தாள்.

மாடியிலிருந்து நான்கு குரல்கள் அலறின. “அக்கா! சத்தியமா அது நாங்க இல்ல!”